வெயில் கணக்கை எழுதுபவர் யார்?

தொலைக்காட்சி விவாதங்களிலும் நாளிதழ்க் கட்டுரைகளின் அடியிலும் அண்மைக்காலமாக ஒரு பெயர் அடிக்கடி தென்படுகிறது: 'காலநிலை மற்றும் எரிசக்திக் கொள்கை ஆய்வாளர்'. கிராம நிர்வாக அலுவலர் யார், வட்டாட்சியர் யார், மின்வாரியத்தின் லைன்மேன் யார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். இந்தக் கொள்கை ஆய்வாளர் யார், அவர் என்ன வேலை செய்கிறார், எதைப் படித்து அந்த இடத்துக்கு வந்தார் என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. அது எங்கோ டெல்லியில், பெங்களூருவில் நடக்கிற வேலை, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று விட்டுவிடுகிறோம்.

தொடர்பு இருக்கிறது. வீட்டுக்கு வருகிற மின்கட்டணம், ஊருக்கு வெளியே தரிசில் அமைகிற சூரிய மின்நிலையம், கோடையில் வயலில் நிற்கிற நேரம், புயலுக்குப் பிறகு வருகிற நிவாரணப் பட்டியல் ஆகிய நான்கும் அரசாணையாக வெளிவருவதற்கு முன்பே ஏதோ ஓர் அறிக்கையில் கணக்காக எழுதப்பட்டுவிடுகின்றன. அந்தக் கணக்கில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதை எழுதுகிற கை தீர்மானிக்கிறது. ஆகவே அந்தக் கையின் பின்புலத்தைக் கேட்பது வீண் ஆர்வம் அல்ல. அது நம் உரிமை சார்ந்த கேள்வி.

என்ன வேலை அது?

கொள்கை ஆய்வாளரின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க எவ்வளவு செலவாகிறது, அந்தச் செலவை யார் தலையில் வைப்பது, நிலக்கரியைக் குறைத்தால் யார் வேலை இழப்பார்கள், வெப்பம் கூடினால் எந்தத் தொழில் பாதிக்கும் என்பவற்றைப் புள்ளிவிவரங்களைக் கொண்டு கணக்கிடுவது முதல் பகுதி. சட்டங்களையும் ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுகளையும் படித்து எங்கே மாற்றம் செய்ய முடியும் என்று காட்டுவது இரண்டாவது. அதை அமைச்சருக்கும் அதிகாரிக்கும் புரிகிற நாலு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுப்பது மூன்றாவது.

இந்த வேலைக்கு வருபவர்கள் ஒரே படிப்பைப் படித்தவர்கள் அல்லர். மின்பொறியியல் படித்தவர் இருக்கிறார். பொருளாதாரம், சட்டம், புவியியல், இயற்பியல், பொதுக் கொள்கை என்று பல துறைகளிலிருந்தும் வருகிறார்கள். டெல்லியின் டெரி, சி.இ.இ.டபிள்யூ., புனேயின் பிரயாஸ், பெங்களூருவின் சி-ஸ்டெப் போன்ற நிறுவனங்களில் இவர்கள் பணியாற்றுகிறார்கள். சிலர் ஐ.ஐ.டி.களிலும் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறார்கள். அரசுகள் இவர்களிடம் அறிக்கை கேட்கின்றன. ஆணையங்கள் இவர்களைக் குழுக்களில் சேர்க்கின்றன.

ஆக, இது ஏதோ ஒரு பிரிவினர் மட்டுமே படிக்கிற மறைபொருள் வித்தை அல்ல. நம் மாவட்டக் கல்லூரிகளில் இளநிலை இயற்பியலும் பொருளியலும் படிக்கிற பிள்ளைகள் போய்ச் சேரக்கூடிய இடம்தான். ஆனால் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், அந்தக் கணக்கை எடுக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அரசு அலுவலகத்தில் இடஒதுக்கீடு உண்டு, பதிவேடும் உண்டு. அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ நடக்கிற ஆய்வு நிறுவனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அரசின் முடிவுகளைப் பாதிக்கிற வேலை, அரசின் இடஒதுக்கீட்டுக்கு வெளியே நடக்கிறது. இதைத்தான் நாம் முதலில் கவனிக்க வேண்டும்.

முன்னோடி நம்மவர்

எரிசக்திக் கொள்கை என்றால் நமக்கு அந்நியமான துறை என்று எண்ணுகிற மாணவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்தியாவின் மின்சாரக் கொள்கைக்கு அடித்தளம் போட்டவர்களில் அண்ணல் அம்பேத்கர் முக்கியமானவர். அரசியல் சட்டத்தை வகுத்தவராகவும் வட்டமேசை மாநாட்டில் வாதாடியவராகவும் அவரை அறிந்த அளவுக்கு இந்தப் பக்கத்தை நாம் அறியவில்லை.

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினர். இன்றைய சொல்லில் சொன்னால் மத்திய அமைச்சர். அந்தத் துறையின் கீழ் தொழிலாளர் நலன் மட்டுமல்ல, நீர்ப்பாசனமும் மின்சக்தியும் சுரங்கங்களும் இருந்தன. மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் 1944-இல் அவர் காலத்தில் அமைந்தது. 1945-இல் அமைந்த மத்திய நீர்வழி, பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையம்தான் இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் தொடக்கம். 1943-இல் தாமோதர் ஆற்று வெள்ளம் வங்காளத்தைப் புரட்டிப் போட்டபின், வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றையும் ஒரே திட்டமாகப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு முன்மாதிரியைக் கொண்டு தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு வழியமைத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

அவருடைய தொழில்முறைப் பின்புலம் என்ன? அவர் மின்பொறியாளர் அல்லர். பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பொருளாதாரம் படித்தவர். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்றவர். பாரிஸ்டர். இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி 1918-இல் எழுதிய ஆய்வில், நிலத்தின் மேல் அளவுக்கு மீறிய மக்கள் சாய்ந்திருப்பதுதான் நோய், அவர்களுக்குத் தொழில்துறையில் இடம் கொடுப்பதுதான் மருந்து என்று வாதிட்டார். கால் நூற்றாண்டு கழித்து மின்சக்தியைப் பற்றி முடிவெடுக்கிற இடத்துக்கு வந்தபோது, அந்தக் கேள்வியைத்தான் அவர் எடுத்துக்கொண்டு வந்தார். மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தால்தான் தொழில் வளரும். தொழில் வளர்ந்தால்தான் வறுமையிலிருந்து மக்கள் வெளியே வருவார்கள் என்பது அவர் நிலைப்பாடு.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. மின்சக்தி வாரியம் அமைந்த அதே 1944-ஆம் ஆண்டில்தான் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டமும் வந்தது. மின்சாரத்தைப் பற்றி யோசித்த மேசையிலேயே நிலக்கரி வெட்டுகிறவரின் வீடும் மருத்துவமும் கோப்பாக இருந்தன. இன்று 'நியாயமான மாற்றம்' என்று உலக மாநாடுகளில் பேசுகிறார்களே, நிலக்கரியை விட்டு வேறு எரிசக்திக்குப் போகும்போது தொழிலாளியைக் கைவிடக் கூடாது என்கிறார்களே, அதன் சாரம் இதுதான்.

ஒரு உதவித்தொகை, ஒரு பட்டம், முடிவெடுக்கும் மேசையில் ஒரு நாற்காலி என்று அந்த வரிசை அமைந்தது. இந்த மூன்றில் எது இல்லாமல் போயிருந்தாலும் அந்தக் கோப்புகளில் வேறு கேள்விகள்தான் இருந்திருக்கும்.

கேள்வி மாறினால் கணக்கு மாறும்

படிப்பு மட்டும் ஆய்வாளரை உருவாக்குவதில்லை; எங்கே நின்று கேட்கிறார் என்பதும் உருவாக்குகிறது. இதற்கு இந்தியாவிலேயே நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியராக இருந்த அமுல்ய ரெட்டி மின்வேதியியலில் உலகப் பெயர் பெற்றவர். 1974-இல் அவர் கிராமத் தொழில்நுட்பத்துக்கான 'அஸ்த்ரா' என்ற அமைப்பைத் தொடங்கினார். கர்நாடகத்தின் தும்கூரு மாவட்டத்து ஊர்களில் அவர் குழு வீடு வீடாகப் போய் எரிசக்திக் கணக்கு எடுத்தது. அதுவரை எரிசக்தி என்றால் நிலக்கரி, பெட்ரோல், மின்சாரம் என்றே எழுதி வந்தார்கள். அவர்கள் எடுத்த கணக்கில் முதலிடத்தில் நின்றது விறகு. அதைப் பொறுக்கவும் தண்ணீர் சுமக்கவும் பெண்களும் பிள்ளைகளும் செலவழித்த மணிநேரம் அதற்குப் பின்னால் நின்றது. பூரா என்ற ஊரில் சாண எரிவாயுவைச் சமையலுக்குக் கொடுக்க முதலில் செய்த முயற்சி நிற்கவில்லை. பிறகு அதே எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் எடுத்து, குடிநீருக்கும் விளக்குக்கும் பயன்படுத்தியபோது ஊர் அதை ஏற்றுக்கொண்டது. வேதியியல் பேராசிரியர் கிராமத்தில் நின்று கேட்டதால் வந்த பாடம் அது.

புனே பிரயாஸ் அமைப்பின் கிரீஷ் சந்த் மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். 1990-களில் மகாராஷ்டிரத்தின் தாபோலில் என்ரான் மின்நிலையம் வந்தபோது, அந்த ஒப்பந்தத்தின் எண்களை எடுத்துக் கணக்குப் போட்டு, இந்த விலைக்கு மின்சாரம் வாங்கினால் மாநில மின்வாரியம் தாங்காது என்று தம் தோழர்களுடன் சேர்ந்து எழுதிக் காட்டினார். 2001-இல் அந்த மின்சாரத்தை வாங்குவதை மின்வாரியம் நிறுத்திக்கொண்டது. கணக்கு தெரிந்த ஒருவர் பொதுமக்கள் பக்கம் நின்றால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

இவர்களைப் போன்றவர்களின் பணியை மதித்துக்கொண்டே நாம் கேட்க வேண்டியது இது. விறகு பொறுக்கிய மணிநேரத்தைக் கணக்கெடுக்கத் தோன்றியது. அந்த விறகை எந்தத் தோப்பில் பொறுக்கலாம், எந்தத் தோப்புக்குள் கால் வைக்கக் கூடாது என்று ஊர் விதித்திருக்கிற கட்டுப்பாட்டைக் கணக்கெடுக்க யாருக்குத் தோன்றும்? அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வளர்ந்தவருக்குத் தோன்றும்.

வெயிலின் கணக்கு

இப்போது நம் கண்முன் இருக்கிற வெயிலை எடுத்துக்கொள்வோம். 2019-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. 2030-ஆம் ஆண்டில் வெப்பத்தால் இந்தியா தன் மொத்த வேலை நேரத்தில் 5.8 விழுக்காட்டை இழக்கும், அது 3.4 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம் என்று அந்த அறிக்கை மதிப்பிட்டது. இந்த எண் எல்லா மேடைகளிலும் சொல்லப்பட்டது. வேளாண்மை, கட்டுமானம் என்று தொழில்வாரியாகப் பேசப்பட்டது. அந்த 3.4 கோடி வேலைகளுக்குப் பின்னால் நிற்கிற உடல்கள் யாருடையவை என்ற கேள்வி மட்டும் நீண்ட நாள் கேட்கப்படவில்லை.

பெங்களூரு, அகமதாபாத் மேலாண்மைக் கழகங்களைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர் குழு ஒன்று அந்தக் கேள்வியைக் கேட்டது. அவர்களுடைய கட்டுரை 2025-இல் மக்கள்தொகை ஆய்வு இதழ் ஒன்றில் வெளிவந்தது. அவர்கள் புதிதாக எந்தக் கணக்கெடுப்பும் நடத்தவில்லை. மத்திய அரசு நடத்துகிற தொழிலாளர் கணக்கெடுப்பை எடுத்தார்கள். அதில் ஒருவர் என்ன வேலை, எத்தனை மணிநேரம் செய்கிறார் என்பதும் இருக்கிறது, அவர் எந்தச் சமூகப் பிரிவு என்பதும் இருக்கிறது. செயற்கைக்கோள் பதிவுசெய்த வெப்ப அளவை அதனுடன் பொருத்திப் பார்த்தார்கள். வெப்ப அலை நாட்களில் திறந்தவெளியில் உழைக்கிற நேரம் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது தெரியவந்தது. படிப்பு, வயது, வருமானம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்தாலும் சாதியின் சுமை தனியாக நிற்கிறது என்பதே அவர்களின் முடிவு.

வயலில் நாற்று நடுகிறவருக்கும் செங்கல் சூளையில் கல் அறுக்கிறவருக்கும் தெருவில் குப்பை அள்ளுகிறவருக்கும் இது புதுச் செய்தி இல்லை. ஆனால் அவர் சொன்னால் அது புலம்பல். கட்டுரையாக வந்தால் அது சான்று. தரவு பல ஆண்டுகளாக அரசின் கையிலேயே இருந்தது. இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்குத் தோன்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அப்படித் தோன்றிய ஆய்வாளர்களுக்கு நம் நன்றி. ஆனால் மற்றவர் மனசாட்சிக்கு எப்போது தோன்றும் என்று ஒரு சமூகம் காத்துக்கொண்டே இருக்க முடியாது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் வயல் வரப்பில் மயங்கி விழுந்த ஒருவர் வெப்பத்தால்தான் இறந்தார் என்று மருத்துவர் எழுதினால்தான் அந்தப் பணம் வரும். உடல் நேராக வீட்டுக்கும் அங்கிருந்து சுடுகாட்டுக்கும் போய்விட்டால் அந்த மரணம் எந்தக் கணக்கிலும் இல்லை. எந்தத் தெருவிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம், எந்தத் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வரப் பாதை இருக்கிறது என்பது தெரிந்தவர் அந்த விதியை எழுதும் குழுவில் இருந்தால், விதி வேறு மாதிரி வரும்.

சூரியப் பலகைக்குக் கூரை வேண்டும்

எரிசக்தியிலும் இதே கதைதான். மத்திய அரசின் வீட்டுக்கூரை சூரிய மின்திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம். இதைப் பெறச் சொந்த வீடும், பலகை வைக்கத் தக்க கூரையும், முறையான மின் இணைப்பும் வேண்டும்.

நம் குடியிருப்புகளில் என்ன இருக்கிறது? முப்பது ஆண்டுகளுக்கு முன் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. மேல்தளத்தில் கம்பி தெரிகிறது, மழைக்கு ஒழுகுகிறது. பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது. அல்லது இல்லவே இல்லை. கூரை வீடு என்றால் பேச்சே இல்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை இலவசம் என்பதால், ஒரு மின்விசிறியும் இரண்டு விளக்கும் உள்ள வீட்டுக்குக் கட்டணமே மிகக் குறைவு. ஆகவே கூரைமேல் பலகை வைத்து மிச்சப்படுத்தவும் ஒன்றுமில்லை. குளிர்சாதனம் ஓடுகிற வீட்டுக்குத்தான் அந்த மானியத்தால் பெரிய லாபம். திட்டம் தீயதல்ல. ஆனால் அதை வடித்தவரின் மனதில் இருந்த 'வீடு' எது என்பது இதில் தெரிகிறது.

பெரிய சூரிய மின்நிலையங்களையும் பார்க்கலாம். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று என்று அப்போது சொல்லப்பட்டது. கரி இல்லாத மின்சாரம் நாட்டுக்குத் தேவை; அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு நிலம் விலைக்குப் போகும்போது பணம் பட்டாதாரருக்குப் போகிறது. அந்த நிலத்தில் மிளகாய் பறித்தவர், களை எடுத்தவர், ஆடு மேய்த்தவர், கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டவர் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. அங்கே பலகைகளின் தூசியைத் துடைக்கவும் தானியங்கி இயந்திரம் வந்துவிட்டது. நாட்டின் வேளாண் கணக்கெடுப்புப்படி பட்டியல் சாதியினரின் சாகுபடியில் உள்ள நிலம் மொத்தத்தில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. நிலம் இல்லாதவருக்கு நிலத்தை வைத்து இழப்பீடு கணக்கிட்டால் பூஜ்யம்தான் வரும்.

இன்னொன்றும் உண்டு. 1892-இல் வழங்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நமக்குத் தெரியும். அதில் எவ்வளவு கைமாறிப் போனது என்பதும் தெரியும். நூற்றுக்கணக்கான ஏக்கரை ஒரே மூச்சில் திரட்டுகிற எந்தத் திட்டத்திலும், அந்தச் சர்வே எண்களில் பஞ்சமி நிலம் இருக்கிறதா என்று பழைய 'அ' பதிவேட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். எரிசக்தி ஆய்வாளருக்கு வெயிலின் அளவும் மின்கம்பியின் தூரமும் தெரியும். 'அ' பதிவேடு என்று ஒன்று இருப்பது தெரியுமா? தெரிந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள்.

அந்த இடத்துக்குப் போகும் வழி

அந்தப் பிள்ளைகள் அந்த இடத்துக்குப் போக என்ன தடை? படிப்பறிவு முதல் தடை அல்ல. இந்தத் துறையில் ஆள் எடுப்பது வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் நடப்பதில்லை. ஒரு பேராசிரியர் பரிந்துரைக்கிறார். ஒரு மாணவர் சில மாதம் பயிற்சிக்குப் போகிறார். அங்கிருந்து வேலை கிடைக்கிறது. டெல்லியில் சில மாதம் வாடகை கொடுத்துத் தங்கிக் குறைந்த ஊதியத்திலோ ஊதியமே இல்லாமலோ பயிற்சி எடுக்க எந்தக் கூலிக் குடும்பத்தால் முடியும்? அடுத்த தடை ஆங்கிலம். அறிக்கை, ஆணை, தரவு எல்லாம் ஆங்கிலத்தில். மூன்றாவது தடை வழிகாட்டி இல்லாமை. ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதிப் பேராசிரியர்கள் மிகக் குறைவு என்பது நாடாளுமன்றத்தில் அரசு தந்த பதில்களிலேயே வெளிப்பட்டது. 2019-இல் வந்த மத்தியக் கல்வி நிறுவன ஆசிரியர் இடஒதுக்கீட்டுச் சட்டம் சில உயராய்வு நிறுவனங்களுக்கு விலக்கும் அளித்திருக்கிறது.

உதவிகள் இல்லாமல் இல்லை. பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையில் ஆண்டுக்கு 2,000 இடங்கள். தேசியத் தகுதித் தேர்வில் வென்று ஆய்வில் சேர்ந்தால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய். முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. அயல்நாட்டுப் படிப்புக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் மாநில அரசின் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 125 இடங்களில் 115 பட்டியல் சாதியினருக்கு.

இந்தக் கடைசித் திட்டத்தில் 2022-இல் ஒரு விதியைச் சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு இந்த உதவி கிடையாது. சூரியப் பலகையின் திறனைக் கூட்டுவதைப் பற்றி ஆராய வெளிநாடு போகலாம். வெப்பமும் சாதியும் இந்தியாவில் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று ஆராயப் போவதற்குக் கதவு குறுகலாகிவிட்டது. பரோடா மன்னர் இப்படி ஒரு விதி வைத்திருந்தால், 1916-இல் கொலம்பியாவில் சாதியைப் பற்றி அம்பேத்கர் படித்த அந்த ஆய்வுரை எழுதப்பட்டிருக்குமா என்று யோசித்துப் பார்க்கலாம்.

கல்லூரியில் இருக்கும் மாணவர்களுக்கு நாம் சொல்வது: எந்தப் பட்டம் படித்தாலும் புள்ளியியலில் ஒரு பிடி வேண்டும். எக்செல் தாளில் கணக்குப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். வரைபடம் தயாரிக்கும் கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் இலவசம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொழிலாளர் கணக்கெடுப்பு, மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண உத்தரவுகள் எல்லாம் இணையத்தில் யாரும் எடுக்கலாம். கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். இளநிலைத் திட்டக் கட்டுரைக்கு உங்கள் ஊரையே எடுங்கள். ஊர்த்தெருவிலும் நம் தெருவிலும் மின்தடை எத்தனை மணிநேரம், மின்மாற்றி எங்கே இருக்கிறது, குறைந்த மின்னழுத்தம் எந்தத் தெருவில் என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள். அது ஆய்வு அல்ல என்று யாரும் சொல்ல முடியாது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. அனுபவம் இருக்கிறது என்பதற்காகக் கணக்கு தேவையில்லை என்று ஆகாது. சேரியிலிருந்து வந்தவர் என்றால் சாதியைப் பற்றி மட்டும் பேசட்டும், மின்கட்டணக் கணக்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒதுக்குகிற வழக்கமும் உண்டு. அந்த மூலையில் உட்கார நாம் சம்மதிக்கக் கூடாது. அம்பேத்கர் ரூபாயின் மதிப்பைப் பற்றியும் ஆய்வு எழுதினார்; ஆற்று அணையைப் பற்றியும் பேசினார்.

அரசிடம் கேட்க வேண்டியவை

மாநில அரசு காலநிலை மாற்ற இயக்கத்தை நடத்துகிறது. மாவட்டங்களுக்குப் பசுமை ஆய்வாளர்களை அமர்த்தும் முதலமைச்சரின் திட்டமும் இருக்கிறது. இவற்றில் பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்கள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அரசுப் பணத்தில் அறிக்கை எழுதித் தருகிற எந்த ஆய்வு நிறுவனமும் அந்த அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியவர்களின் படிப்பையும் அனுபவத்தையும், எந்தெந்த ஊர்களில் யாரிடம் கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நம் மாணவர்கள் ஆய்வு நிறுவனங்களில் பயிற்சி எடுக்கும் காலத்துக்குத் தாட்கோ மூலம் மாத ஊதியமும் தங்குமிடமும் தரலாம். அதற்குப் பெரிய பணம் ஆகாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு 2024-இல் மாநிலம் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. காலநிலைக்கும் எரிசக்திக்கும் ஒதுக்கும் பணத்தில் மக்கள்தொகைக்கேற்ற பங்கு எங்கே போகிறது என்று அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர் என்பது 2011 கணக்கெடுப்பு.

ஊரில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. மின்கட்டணத்தை மாற்றும் முன் ஒழுங்குமுறை ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்தும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் நடத்தியது. யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம், எழுதியும் கொடுக்கலாம். தொழிற்சாலைக்காரர்களின் சங்கம் வருகிறது, விவசாயச் சங்கம் வருகிறது. விவசாயக் கூலித் தொழிலாளர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு மனு போக வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிற கிராம சபையில், கோடைக்கு முன்னால் வருகிற மார்ச் 22 கூட்டத்தில், வெயில் நாட்களில் வேலை தொடங்கும் நேரம், வேலை இடத்தில் நிழல், குடிநீர், நம் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வரும் பாதை ஆகிய நான்கையும் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். அந்தத் தீர்மானத்தின் நகல் கையில் இருந்தால், நாளை நம் வீட்டுப் பிள்ளை எழுதப்போகும் ஆய்வின் முதல் ஆவணமாக அது பயன்படும்.